மான்குர்த் பாட்டிமார்: எழுதி வைக்க வேண்டிய நெடுவாழ்வு

மும்பையின் ஹார்பர் ரயில் பாதையில் குர்லா, செம்பூர், கோவண்டி ஆகிய நிலையங்களைக் கடந்தால் வருவது மான்குர்த். அதற்கப்பால் தானே கழிமுகத்தின் மேல் நீண்ட பாலம். பாலத்தைத் தாண்டினால் வாஷி. 1992ஆம் ஆண்டில் அந்தப் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கும்வரை பாதை மான்குர்த்தோடு முடிந்தது. நகரமும் ஏறக்குறைய அங்கேயே முடிந்தது. நகரம் தன் நடுவில் வைத்துக்கொள்ள விரும்பாதவற்றையெல்லாம் இந்தக் கடைக்கோடிக்கே அனுப்பி வந்தது. தேவ்னார் குப்பைமேடு 1927ஆம் ஆண்டிலிருந்து இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. நகரத்தின் உட்பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடிசைவாசிகளும் இந்தப் பக்கத்திற்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் கணிசமாக இருந்தன.

அந்தக் குடும்பங்களில் இன்றும் ஒரு பாட்டி இருப்பார். கண்பார்வை மங்கியிருக்கலாம், முழங்கால் வலியால் படியிறங்க முடியாமல் இருக்கலாம். ஆனால் வீட்டில் நடக்கும் எந்த நல்லது கெட்டதும் அவரிடம் சொல்லப்படாமல் நடப்பதில்லை. பெயர் சூட்டுவதும் அவர். முகூர்த்தப் புடவைக்கு நிறம் சொல்வதும் அவர். பிணங்கி நிற்கும் இரு மகன்களை ஒரே இலைவரிசையில் அமர்த்துவதும் அவர். அவர் மறைந்த பிறகுதான், குடும்பம் என்ற சொல்லுக்கு இத்தனை காலமும் யார் பொருளாக இருந்தார் என்பது நமக்குப் புரிகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிகிறது. படத்துக்கு மாலை போடுகிறோம். ஆண்டுதோறும் திதி கொடுக்கிறோம். ஆனால் அவர் எந்த ஆண்டில் பம்பாய்க்கு வந்தார் என்று பேரப்பிள்ளை கேட்டால், வீட்டில் இருக்கும் மூவரும் மூன்று விடைகள் சொல்கிறார்கள்.

நெடுவாழ்வு வாழ்ந்த ஒரு குடும்பத் தலைவியை நினைவில் காப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். இது உணர்ச்சி சார்ந்த பொருள் மட்டுமன்று. பாட்டியின் நினைவோடு ஓர் ஊரின் வரலாறும், ஒரு குடும்பத்தின் உரிமைகளும், அவர் கையால் சேர்த்த பணமும் பிணைந்திருக்கின்றன.

1976: மான்குர்த் பாட்டிமார் மறக்காத ஆண்டு

இன்றைய பாபா அணு ஆராய்ச்சி மையம் டிராம்பேயில் 1954ஆம் ஆண்டு அணுசக்தி நிலையமாகத் தொடங்கப்பட்டது. ஹோமி பாபாவின் மறைவுக்குப் பின், 1967இல் அவர் பெயரைப் பெற்றது. அதன் அருகே மான்குர்த் பகுதியில் இருந்த பெரிய குடியிருப்பு ஜனதா காலனி. மாநகராட்சியே வேறு இடங்களிலிருந்து அகற்றிக் கொண்டுவந்து குடியமர்த்திய மக்களால் அமைந்த ஊர் அது. சதுப்பு நிலத்தைத் தூர்த்து, குடிசை போட்டு, கடை வைத்து, கோவிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் எழுப்பி, அவர்கள் அதை ஊராக்கினார்கள். பின்னர் அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக அந்த நிலத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற முடிவு வந்தது.

காலனி மக்கள் அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார்கள். அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் ஜாக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். இளம் வயதில் தச்சு வேலை தேடிப் பம்பாய்க்கு வந்து ஜனதா காலனியில் தங்கியவர். காலனிக் குப்பையை மாநகராட்சி அள்ளவில்லை என்பதற்காக, குழந்தைகள் ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைச் சுமந்து சென்று மாநகராட்சி அலுவலகத்தின் முன் கொட்டும்படி செய்தவர் அவர். பிற்காலத்தில் தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பை வளர்த்தெடுத்த அவருக்கு, 2000ஆம் ஆண்டு ரமோன் மகசேசே விருதும் 2011ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. 2018 அக்டோபரில் அவர் மறைந்தார்.

போராட்டங்களை மீறி, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே 17ஆம் நாள் ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் கழிமுகத்தை ஒட்டிய புதிய இடத்திற்கு மாற்றப்பட்டார்கள். அந்த இடமே இன்றைய சீத்தா கேம்ப். பருவமழை தொடங்க இன்னும் மூன்று வாரங்களே இருந்தன.

இதுவரை சொன்னவை நூல்களிலும் ஆவணங்களிலும் கிடைக்கின்றன. கிடைக்காதவை வேறு. அந்த மூன்று வாரங்களில் கூரைக்கு எதைப் போட்டார்கள்? அரிசியை எதில் வைத்து ஈரத்திலிருந்து காத்தார்கள்? பால்குடி மறவாத பிள்ளைக்கு முதல் இரவில் எங்கே அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினார்கள்? பள்ளிக்கூடம் போன பெண்ணின் படிப்பு அந்த ஆண்டோடு நின்றுவிட்டதா? பழைய காலனியில் அடுத்தடுத்து இருந்த வீட்டார் புதிய இடத்தில் எத்தனை சந்துகளுக்கு அப்பால் சிதறிப் போனார்கள்? இவற்றுக்கு விடை தெரிந்தவர்கள் அன்று வீட்டைச் சுமந்த பெண்கள். அன்று இருபது வயதாக இருந்த மருமகளுக்கு இன்று எழுபது. அன்று நாற்பது வயதாக இருந்த மாமியாருக்கு, இருந்தால், இன்று தொண்ணூறு. இன்னும் பத்து ஆண்டுகள் கடந்தால், ஜனதா காலனியைப் பெரியவர்களாக இருந்து கண்ட கண்கள் மிகச் சிலவே எஞ்சும்.

மான்குர்த்தின் கதை 1976உடன் முடியவும் இல்லை. மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்திற்காக ரயில் பாதையோரங்களிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லல்லுபாய் காம்பவுண்டு போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தன. தரைவீட்டில் வாசலில் கோலமிட்டு, அக்கம்பக்கத்தோடு பேசியபடியே கீரை ஆய்ந்த பெண்கள், மாடியில் நான்கு சுவர்களுக்குள் வாழப் பழகிக்கொண்டார்கள். ஒரே ஆயுளில் இரண்டு, மூன்று முறை ஊர் மாறியும் குடும்பத்தைச் சிதறவிடாமல் காத்தவர்கள் அவர்கள்.

அன்றாடம் சேர்த்த காசு

இந்தக் குடும்பங்களில் ஆண்கள் துறைமுகத்திலும், தாராவியின் தோல் பதனிடும் கூடங்களிலும், பஞ்சாலைகளிலும், செம்பூர், டிராம்பே வட்டாரத்து ஆலைகளிலும் வேலை செய்தார்கள். பெண்கள் இட்லி அவித்துக் கூடையில் சுமந்து விற்றார்கள். வீட்டு வேலைக்குப் போனார்கள். வற்றல், வடகம், முறுக்குச் செய்து விற்றார்கள். வருமானம் நாள்தோறும் வந்தது, நாள்தோறும் செலவானது. மாதச் சம்பளத்தை மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட சேமிப்புத் திட்டங்கள் அவர்களுக்குப் பொருந்தவில்லை. ஆதலால் அவர்களாகவே வழி கண்டார்கள். அஞ்சறைப் பெட்டியின் அடியில் மடித்த நோட்டு, தெருவில் நான்கு பேர் சேர்ந்து போட்ட சீட்டு, நல்ல மாதத்தில் வாங்கிய ஒரு கிராம் தங்கம், கெட்ட மாதத்தில் அதை வைத்து வாங்கிய கடன், ஊருக்கு மணியார்டர். இதுவே அவர்களின் நிதி மேலாண்மை.

இந்த அறிவைக் கண்டுகொண்டு அமைப்பாக்கியது மகிளா மிலன். 1984ஆம் ஆண்டு மும்பையில் 'ஸ்பார்க்' என்னும் தொண்டு நிறுவனம் தோன்றியது. பைகுல்லா வட்டாரத்து நடைபாதைகளில் குடிசை போட்டு வாழ்ந்த பெண்களோடு அது பணியாற்றத் தொடங்கியது. அந்தப் பெண்களிடமிருந்து 1986ஆம் ஆண்டு உருவானதே மகிளா மிலன். ஜாக்கின் அற்புதத்தின் குடிசைவாசிகள் கூட்டமைப்பும் ஸ்பார்க் நிறுவனமும் மகிளா மிலனும் கைகோத்து நின்றன. பின்னர் அந்த நடைபாதைக் குடும்பங்களுள் ஒரு பகுதியினர் மான்குர்த்தில் 'மிலன் நகர்' என்னும் குடியிருப்பில் வீடு பெற்றார்கள்.

மகிளா மிலனின் சேமிப்பு முறை எளியது. வசூல் செய்யும் பெண் ஒவ்வொரு நாளும் வீடு வீடாகச் செல்வார். ஒரு ரூபாய் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். ஒன்றும் கொடுக்க இயலாவிட்டாலும் நலம் விசாரித்துவிட்டுப் போவார். எழுத்தறியாத பெண்கள் தம் கணக்கைத் தாமே அறிந்துகொள்வதற்காக, ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நிறம் என வண்ணக் காகிதத் துண்டுகள் கொடுக்கப்பட்டன. பையில் இருக்கும் துண்டுகளின் நிறத்தைப் பார்த்தே தம் சேமிப்பு எவ்வளவு என்று அவர்கள் சொன்னார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், கணவருக்கு வேலை போய்விட்டது என்றால், அந்தச் சேமிப்பிலிருந்தே கடன் கிடைத்தது. நாள்தோறும் வருவதால், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது வசூல் செய்பவருக்குத் தெரிந்திருந்தது. வங்கியில் பணியாற்றும் நமக்கும் வாடிக்கையாளர்களாகிய உங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சேமிப்பின் வலிமை தொகையில் இல்லை. இடைவிடாமையிலும், ஒருவரையொருவர் அறிந்திருப்பதிலும் இருக்கிறது.

நம் வீடுகளில் இருந்த பாட்டிமார் அனைவரும் மகிளா மிலனின் உறுப்பினர்கள் அல்லர். ஆனால் அந்த அறிவு அவர்கள் அனைவருக்கும் பொதுவானது. அதை நாம் அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டோமா என்பதே கேள்வி.

எழுதப்பட்ட ஒரு வாழ்வு

தமிழகத்தில் ஒரு பாட்டியின் நெடுவாழ்வு நாடறியப் பதிவாகியிருக்கிறது. கோவை மாவட்டம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாள் அவர். அவருடைய இயற்பெயர் ரங்கம்மாள். 1914ஆம் ஆண்டு தேவலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் அவரை வளர்த்தவர் அவருடைய பாட்டி. பாட்டி நடத்திவந்த மளிகைக் கடை பேத்தியின் கைக்கு வந்தது. அந்தக் கடையின் வருமானத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பாப்பம்மாள் நிலம் வாங்கினார். சுமார் 10 ஏக்கர் வரை வாங்கிய அவர், முதுமையில் இரண்டரை ஏக்கரைத் தம் கையில் வைத்துக்கொண்டு தாமே பயிர் செய்தார். காரமடை ஊராட்சி ஒன்றிய உறுப்பினராகப் பொதுவாழ்விலும் இருந்தார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு கொண்டு புதியன கற்றார்; இயற்கை வேளாண்மையில் உறுதியாக நின்றார். நூறு வயதைக் கடந்த பின்னும் வயலுக்குப் போய் வந்தார். 2021ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2024 செப்டம்பர் 27 அன்று அவர் மறைந்தார்.

அவருடைய வாழ்வில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாப்பம்மாளின் செல்வத்திற்கு அடித்தளம் இட்டவர் ஒரு பாட்டி. பெற்றோரை இழந்த சிறுமிக்கு அடைக்கலமும் தொழிலும் கொடுத்தவர் அவர். ஆனால் பேத்தியின் வாழ்வு செய்தித்தாள்களில் வந்தது. பாட்டியின் வாழ்வு வரவில்லை. முதல் உலகப் போர் தொடங்கிய ஆண்டில் பிறந்த பேத்தியை வளர்த்த அந்த மூதாட்டி, எத்தகைய பஞ்சங்களையும் நோய்களையும் கடந்து கடையை நடத்தினார் என்பதை இனி யாரிடம் போய்க் கேட்பது?

மான்குர்த்திலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழ்ந்த நம் பாட்டிமார் அந்தப் பெயரறியாப் பாட்டியின் வரிசையில் நிற்பவர்கள். விருதுக்குழு அவர்களைத் தேடி வரப்போவதில்லை. அவர்களின் வாழ்வை எழுதக் கூடியவர்கள் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே.

எவ்வாறு கேட்பது, எவ்வாறு எழுதுவது

பாட்டியிடம் போய், "உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கள்" என்றால், "என்னத்தச் சொல்ல, எல்லாம் பட்டதுதான்" என்று முடித்துவிடுவார். கேள்வி சிறியதாகவும் கைக்குப் பிடிபடுவதாகவும் இருக்க வேண்டும். பம்பாய்க்கு வந்த ரயிலில் என்ன கட்டிக்கொண்டு வந்தீர்கள்? இறங்கியதும் யார் வீட்டில் தங்கினீர்கள்? முதல் வீட்டுக்கு வாடகை எவ்வளவு? தண்ணீருக்கு எங்கே வரிசை நின்றீர்கள்? மராத்தியில் நீங்கள் கற்ற முதல் சொல் எது? இத்தகைய கேள்விகளுக்கு விடை உடனே வரும். ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் வரும்.

ஆண்டு தெரியாவிட்டால் வருந்த வேண்டியதில்லை. நம் முன்னோர் காலத்தை நிகழ்ச்சிகளால் அளந்தார்கள். நேரு மறைந்தது 1964 மே மாதத்தில். தனுஷ்கோடியைக் கடல் கொண்டது அதே ஆண்டு டிசம்பரில். அறிஞர் அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரியில். நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது 1974 மே மாதத்தில். ஜனதா காலனி இடிக்கப்பட்டது 1976 மே மாதத்தில். மும்பையைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது 2005 ஜூலை 26 அன்று. "நீங்கள் வந்தது இதற்கு முன்பா, பின்பா? அப்போது மூத்தவர் பிறந்திருந்தாரா?" என்று கேட்டால் போதும். ஒரு தாளில் நடுவே கோடிட்டு, ஒரு புறம் நாட்டு நிகழ்ச்சிகளையும் மறுபுறம் வீட்டு நிகழ்ச்சிகளையும் எழுதிக்கொண்டு போனால், ஒரு மாலைப்பொழுதிலேயே குடும்பத்தின் காலக்கணக்கு உருப்பெற்றுவிடும்.

குரலையும் பதிந்து வையுங்கள். கைப்பேசியில் அரைமணி நேரப் பதிவு போதும். பாட்டியின் ஊர் வழக்கு, நெல்லையோ நாஞ்சிலோ வடஆர்க்காடோ, பேரப்பிள்ளைகளின் நாவில் ஏற்கெனவே மும்பைத் தமிழாக மாறிவிட்டது. தாலாட்டும் ஒப்பாரியும் பழமொழியும் அந்தக் குரலோடு போய்விடக் கூடியவை. பழைய புகைப்படங்களின் பின்புறத்தில், யார் யார் நிற்கிறார்கள் என்பதை அவர் இருக்கும்போதே பென்சிலால் எழுதிவிடுங்கள். அவர் போன பிறகு படத்தில் இருப்பவர்கள் பெயரற்றவர்களாகி விடுவார்கள்.

ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் பாட்டிக்கு இல்லை. இறந்துபோன குழந்தையைப் பற்றியோ, முறிந்துபோன உறவைப் பற்றியோ அவர் மௌனம் காத்தால், அந்த மௌனத்தையும் மதித்து அடுத்த கேள்விக்குப் போவதே பண்பு.

பெட்டியில் இருக்கும் தாள்கள்

பல வீடுகளில் பாட்டியின் ட்ரங்குப் பெட்டி என்று ஒன்று இருக்கும். உள்ளே பட்டுப்புடவை, அதன் மடிப்பில் பழைய ரேஷன் கார்டு, 1976ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்பின்போது கொடுக்கப்பட்ட போட்டோ பாஸ், மின்கட்டண ரசீது, அஞ்சலகப் புத்தகம், வங்கிப் புத்தகம். மும்பையில் இந்தத் தாள்களின் மதிப்பு அனைவரும் அறிந்ததே. குடிசை மாற்றுத் திட்டங்களில் வீடு பெறும் தகுதி, இன்ன காலத்திலிருந்து இங்கே வாழ்ந்தோம் என்று மெய்ப்பிக்கும் தாள்களைப் பொறுத்தே அமைகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் வெள்ளத்திலும் தீயிலும் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது இந்தப் பெட்டியைத்தான். அதை மதிப்போடு திறந்து, அவர் இருக்கும்போதே அவரோடு அமர்ந்து ஒழுங்குபடுத்துவது நம் கடமை.

முதலில் பெயர். தமிழகத்தில் எழுதிய தாளில் தந்தையின் முதலெழுத்தோடு ஒரு பெயர் இருக்கும். மும்பையில் எழுதிய தாளில் கணவரின் பெயர் நடுப்பெயராகி, ஊர்ப் பெயரோ குலப் பெயரோ கடைசியில் வந்திருக்கும். தமிழ் அறியாத எழுத்தர் காதால் கேட்டு எழுதியதில் எழுத்துகள் மாறியிருக்கும். பிறந்த நாள் தெரியாததால் ஜனவரி 1 என்று இருக்கும்; ஆண்டும் தாளுக்குத் தாள் வேறுபடும். வாழும் காலத்தில் இவை சிறு பிழைகளாகத் தோன்றும். மறைவுக்குப் பின் அவரும் இவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டிய சுமை பிள்ளைகளின் தலையில் விழும். ஆதார், பான், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயரும் பிறந்த நாளும் ஒன்றாக இருக்குமாறு இப்போதே திருத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது நியமனதாரர், அதாவது வழக்கில் 'நாமினி'. பாட்டி கணக்குத் தொடங்கிய நாளில் தாத்தாவின் பெயரை எழுதியிருப்பார். தாத்தா மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும், பெயர் மாற்றப்பட்டிருக்காது. 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சட்டத் திருத்தத்தின்படி, வைப்புக் கணக்கிற்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். நால்வருக்கும் இன்ன இன்ன விழுக்காடு என்று ஒரே நேரத்திலும் பிரித்துக் கொடுக்கலாம். ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசைப்படியும் நியமிக்கலாம். பாதுகாப்புப் பெட்டகத்திற்கு வரிசை முறை மட்டுமே உண்டு.

இங்கே பலரும் தவறாக எண்ணும் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நியமனதாரர் பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவர். அந்தப் பணம் முழுவதும் அவருக்கே சொந்தமாகிவிடுவதில்லை. சட்டப்படியான வாரிசுகளின் சார்பில் அவர் பெற்றுக்கொள்கிறார் என்பதே சட்டத்தின் நிலை. ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் மறைந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மகன்களும் மகள்களும் கணவரும் முதல் வாரிசுகள். மகளுக்கும் மகனுக்கும் பங்கு சமம். கிறித்தவர்களுக்கும் இசுலாமியர்களுக்கும் அவரவர்க்குரிய சட்டம் பொருந்தும். பாட்டியின் விருப்பம் வேறாக இருந்தால் உயில் எழுதலாம். உயிலை வெற்றுத்தாளிலும் எழுதலாம். இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்தோ கைரேகையோ இட வேண்டும். பதிவு செய்வது கட்டாயம் அன்று, எனினும் நன்று. ஒரு மகளின் திருமணத்திற்கு வளையலும் மற்றொரு மகளுக்கு வெறும் வாக்குறுதியும் கொடுத்திருந்த பாட்டி, அந்த வாக்குறுதியைத் தாளில் எழுதி வைத்தால், அவருக்குப் பின் அக்காவும் தங்கையும் பேசாமல் போகும் நிலை வராது.

மூன்றாவது, மறந்துபோன கணக்குகள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத கணக்கு செயல்படாத கணக்காகிறது. பத்து ஆண்டுகள் எவரும் உரிமை கோராத வைப்புத்தொகை, ரிசர்வ் வங்கி 2014ஆம் ஆண்டு தொடங்கிய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. அதனால் பணம் பறிபோய்விடவில்லை. உரியவரோ வாரிசுகளோ வங்கியின் வாயிலாக எப்போது வேண்டுமானாலும் கோரிப் பெறலாம். எந்த வங்கியில் கணக்கு இருந்தது என்று தெரியாதவர்கள் தேடிப் பார்ப்பதற்காக, 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்னும் இணையவாசலைத் தொடங்கியது. பெயரையும் பிறந்த நாள், பான் போன்ற விவரங்களில் ஒன்றையும் கொடுத்து, பல வங்கிகளில் ஒரே நேரத்தில் தேடலாம். பெயர் ஒழுங்கு ஏன் முக்கியம் என்பது இங்கேயும் விளங்கும்.

நான்காவது, அவர் வாழும் காலத்திற்கான வசதிகள். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட இயலாதவர்களுக்கும் வீட்டிற்கே வந்து அடிப்படைச் சேவைகளை வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டு வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. உடல்நலக் குறைவால் கையெழுத்திட முடியாதவர் கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். வங்கி அறிந்த இரு சாட்சிகள் வேண்டும், அவர்களுள் ஒருவர் வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். ஓய்வூதியம் பெறுவோர் உயிர்ச் சான்றிதழை நவம்பரில் அளிக்க வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர்களுள் எண்பது வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே அளிக்கலாம். இவற்றைச் செய்வதற்காகப் பாட்டியின் ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் பேரன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. அன்பின் பெயரால் தொடங்கும் அந்தப் பழக்கம், தம் பணத்தின் மேல் பாட்டிக்கு இருக்கும் அதிகாரத்தை அவரறியாமலே எடுத்துவிடுகிறது.

கணக்கில் வராத சொத்து

தாள்களை ஒழுங்குபடுத்துவதும் வாழ்வை எழுதுவதும் இரு வேறு வேலைகள் அல்ல. ரேஷன் கார்டில் இருக்கும் முகவரியைக் கேட்டால் அந்தச் சந்தின் கதை வரும். வங்கிப் புத்தகத்தின் முதல் வரவு எத்தனை ரூபாய், அது எதற்காகச் சேர்த்த பணம் என்று கேட்டால், ஒரு மகளின் படிப்போ ஒரு மகனின் அறுவைச் சிகிச்சையோ நினைவுக்கு வரும். அடகுச் சீட்டைக் காட்டினால், மீட்ட நகையின் கதையும் மீளாத நகையின் கதையும் வரும். தாள்களைச் சரிபார்க்கும் ஒரு மாலையிலேயே பாட்டியின் வாழ்வில் பாதி வெளிவந்துவிடும்.

மான்குர்த் இன்று பெரிதும் மாறிவிட்டது. ஊர் தள்ளிவைத்த கடைக்கோடியாக இருந்த இடம், இப்போது மும்பைக்கும் நவி மும்பைக்கும் இடையே வாசலாக நிற்கிறது. குடிசையில் பிறந்தவர்களின் பிள்ளைகள் பொறியாளர்களாகவும் செவிலியராகவும் ஆசிரியர்களாகவும் வங்கி ஊழியர்களாகவும் ஆகியிருக்கிறார்கள். இந்த ஏற்றத்திற்கு முதலீடு செய்தவர் யார் என்று கணக்குப் பார்த்தால், எந்தப் பேரேட்டிலும் பெயர் வராத ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கிறோம். தம் பங்குச் சோற்றைக் குறைத்துக்கொண்டதை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. திருப்பித் தர வேண்டும் என்று கேட்கவும் இல்லை.

உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்காக ஒதுக்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும். முதல் பக்கத்தில் அவருடைய பெயரை, அவர் சொல்கிறபடியே, முழுமையாக எழுதுங்கள். பிறந்த ஊரை எழுதுங்கள். அவருடைய தாயின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பல குடும்பங்களில் அந்தப் பெயர் தெரிந்த கடைசி மனிதர் அவராகவே இருப்பார்.

பாட்டி மறைந்துவிட்டிருந்தால், அவரை அறிந்த அத்தையிடமோ பெரியம்மாவிடமோ எதிர்வீட்டு அம்மாளிடமோ கேளுங்கள். திதி நாளில் கூடும் உறவினர் ஒவ்வொருவரும் ஒரு செய்தி சொன்னாலும், ஆண்டுக்கு ஒரு பக்கம் நிறையும். அந்தப் பக்கங்களை வீட்டுப் பத்திரம் இருக்கும் உறையிலேயே வையுங்கள். பேரப்பிள்ளைகள் எந்த ஊருக்குப் போய் வாழ்ந்தாலும், எங்கிருந்து வந்தோம் என்பதற்கு அவர்கள் காட்டக்கூடிய பத்திரம் அதுவே.